இலை விஷயத்தில் பொய் சொல்லாதவர்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஊசி போட்டுவிட்டு, விறைக்கும்வரை வெளியே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அக்காவின் கீழ் உதடு ஒரு பக்கமாகத் தொங்கிப்போயிருந்தது. கதைக்க வேண்டாம் என்று நான் கையால் காட்டினேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. அறையின் மூலையில் தொட்டிக்குள் நின்ற ரப்பர் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் ஓர் இலையைப் புரட்டினார், குனிந்து மண்ணை மணந்தார், நேரே வரவேற்பு மேசைக்குப் போய் அங்கிருந்த பெண்ணிடம் பாதி வாயால் இத்தாலியனில் சொன்னார்:

"நீ கோப்பி ஊத்துறது. சீனியோட."

அந்தப் பெண் காதுவரை சிவந்துபோனாள். ஒவ்வொரு நாளும் குடித்த மிச்சத்தை அதற்குள்தான் ஊற்றுகிறாளாம். எப்படித் தெரியும் என்று கேட்டாள். "எறும்பு," என்றார் அக்கா, எச்சில் வடிய. அதற்குப் பிறகுதான் தன் பல்லைக் கொடுக்க உள்ளே போனார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இப்போது இருக்கிற இங்கிலாந்திலிருந்து தொலைபேசி எடுத்து, "வயதையும் எழுதினியோ?" என்று கேட்பார். வயது விஷயத்தில் அவர் சொல்வது ஒருநாளும் ஒரேமாதிரி இருந்ததில்லை. பல விஷயங்களில் அப்படித்தான். சேலை பார்க்கப் போகிற அன்று வேலை வீட்டுக்கு "வயித்துக்குத்து" என்று சொல்வார். எங்கள் கத்தோலிக்கக் கோவிலுக்கு வராத ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு கோவிலில் பூசை கண்டதாகச் சொல்வார். யாராவது குழந்தையைக் காட்டினால், அது எந்த முகத்தோடு இருந்தாலும், தகப்பனை உரித்து வைத்ததுபோல இருக்கிறது என்பார். ஆனால் ஓர் இலையைக் காட்டிக் கேட்டால் மட்டும் அவரால் பொய் சொல்ல முடியாது. யார் கேட்டாலும், எந்த இடத்தில் கேட்டாலும், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். எத்தனையோ பேருக்கு அதனால் வேர்த்திருக்கிறது. அதிகமாக வேர்த்தது எனக்கு.

மன்னாரில் விவசாயக் கந்தோர் ஒன்றில் மண் பரிசோதிக்கிற இடத்தில் அவர் வேலை செய்தவர். இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து வீடுகளில் ஜன்னல் துடைத்தார். நான் அப்போது அந்த நகரின் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். லத்தீன் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கணவர் இல்லை. ஒரே மகள் மிலானில். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உதட்டுக்குச் சிவப்புப் பூசுவார். வாதத்தால் விரல்கள் வளைந்து இறுகிப்போயிருந்ததால் அந்தச் சிவப்பு உதட்டைத் தாண்டிக் கன்னத்துக்கும் போகும். நான் துடைத்துவிட வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் பாரமான வேலைகளுக்கு அக்கா வருவார்.

அந்த வீட்டின் மொட்டைமாடியில் பெரிய மண் தொட்டிகளில் மூன்று செடிகள் நின்றன. "என் ஜெரானியங்கள்," என்று சிஞ்ஞோரா சொல்லுவார். நானும் ஜெரானியம் என்றே நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். எனக்கு ரோசாப்பூவைத் தவிர வேறு பூ தெரியாது.

முதல் செவ்வாய்க்கிழமை அக்கா துணி காயப்போட மேலே போனார். ஐந்து நிமிடத்தில் அவருடைய குரல் கேட்டது.

"பிள்ளை! இஞ்சை வா!"

ஓடினேன். அக்கா ஒரு தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். "இதைப் பாத்தியே? நுனிக் குருத்தெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. இரும்பு ஏறேல்லை. பாவம்."

"ஜெரானியத்துக்கு இரும்பு வேணுமோ அக்கா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆர் சொன்னது ஜெரானியம் எண்டு? இது கஞ்சா."

என்னுடைய பெர்மெஸோ, இந்த நாட்டில் தங்குகிற அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்து நான்கு மாதம். கையில் ஒரு துண்டு ரசீது மட்டும்தான். அந்த நேரத்தில் ஒரு பொலிஸ்காரன் தெருவில் தும்மினாலும் நான் மற்றப் பக்கம் மாறி நடப்பேன். நான் இரண்டு மாதமாகத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது கஞ்சாவா?

"அக்கா, மெல்லக் கதையுங்கோ. ஆருக்காவது கேக்கப்போகுது."

"கேக்கட்டும். உனக்குத் தமிழ் விளங்கிற பொலிசு இஞ்சை எங்கை இருக்கு?" அவர் மண்ணை விரலால் கிளறினார். "நீ என்ன தண்ணி விடுறாய்?"

"குழாய்த் தண்ணி."

"அதுதான் வருத்தம். கோப்பிக் கேத்திலுக்குள்ளை வெள்ளையாப் படியுதே, அந்தச் சுண்ணாம்பெல்லாம் இந்த மண்ணுக்குள்ளை. மண் காரமாப் போச்சுது. மண் காரமானால் இரும்பு அதுக்குள்ளையே இறுகிக் கிடக்கும், வேரால உறிஞ்ச ஏலாது. எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணியும் இதே குணம்தான். இந்தக் கிழவி என்ன செய்திருக்கு? இலை மஞ்சள் எண்டு பசளையை அள்ளிப் போட்டிருக்கு. அடி இலையைப் பார், நுனி கருகிக் கிடக்கு. தொண்டை அடைச்ச ஆளுக்குப் புரியாணி தீத்தின மாதிரி."

"அக்கா, தயவு செய்து நாங்கள் ஒண்டையும் காணாத மாதிரி இருப்பம்."

"நான் கண்டிட்டன்," என்றார் அக்கா. துணி வாளியை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே போனார். சிஞ்ஞோரா வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று அக்கா சொன்னார்:

"சிஞ்ஞோரா, உங்கட கஞ்சா சாகிறது."

சிஞ்ஞோரா வானொலியை நிறுத்தினார். பிறகு, "சாகிறது அல்ல," என்றார். "செத்துக்கொண்டிருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் செயல். வினைச்சொல்லை ஒழுங்காகச் சொல்லுங்கள்." பிறகு தாழ்ந்த குரலில், "ஏன்?" என்று கேட்டார்.

அக்காவின் இத்தாலியனில் வினைச்சொல்லுக்குக் காலமும் கிடையாது, இடமும் கிடையாது. நான் போறது, நீ போறது, அவள் நேற்றுப் போறது. ஒரு லத்தீன் ஆசிரியைக்கு அதைக் கேட்பது பல்லுக்குள் மணல் அகப்பட்ட மாதிரி. அன்றிலிருந்து சிஞ்ஞோரா அக்காவின் இத்தாலியனைத் திருத்தினார். அக்கா சிஞ்ஞோராவின் செடியைத் திருத்தினார். செடிதான் சீக்கிரம் தேறியது.

அந்தச் செடிகளை அவர் எதற்கு வைத்திருந்தார் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. ஒரு பழைய மாணவர் விதை கொடுத்திருக்கிறார். பூவைக் காயவைத்து ஒலிவ் எண்ணெயில் ஊறப்போட்டு, படுக்கப்போகுமுன் நாக்கின் கீழ் சில சொட்டு விடுவார். விட்டால் விரல் வலி அடங்கும். மகளிடம் வலியைப் பற்றியே சொன்னதில்லை. தொலைபேசியில் எப்போதும் "எல்லாம் நன்றாக இருக்கிறது"தான். சொன்னால் மிலானுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்ற பயம். மிலானில் வெயில் இல்லை, நல்ல மீன் இல்லை, மனிதர்களும் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

அக்காவின் வைத்தியம் எளிது. பசளைப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். மண்ணின் காரத்தை அளக்க, பேனாவைப் போன்ற ஒரு சின்னக் கருவியை எங்கிருந்தோ வாங்கி வந்தார். குழாய்த் தண்ணீரை நிறுத்தினார். மழையோ அக்டோபர்வரை வராது. அப்போதுதான் வரவேற்பறை ஏசியின் குழாயைக் கண்டார்; ஏசி ஓடினால் அதிலிருந்து தண்ணீர் சொட்டும். அதில் சுண்ணாம்பு இல்லை. உடனே அதன் கீழே ஒரு வாளி வைத்தார்.

ஆனால் சிஞ்ஞோரா ஏசி போடுகிற ஆளே இல்லை. ஆகஸ்டில் சுவரே வேர்க்கும், அப்போதும் விசிறியை அசைத்துக்கொண்டு, "காற்று வருகிறது" என்பார். அக்கா அவரிடம் போய், ஒரு நாளைக்கு மூன்று செடிக்கும் ஒரு வாளி வேண்டும் என்றார். வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஏசி ஓட வேண்டும் என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"காலமை துவங்கிப் பின்னேரம் மட்டும்," என்றார் அக்கா, முகத்தில் ஒன்றையும் காட்டாமல்.

அரை வாளியே போதும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது இலை விஷயம் இல்லை, தண்ணீர் விஷயம். அதில் அவர் பொய் சொல்லலாம். அந்தக் கோடையில் நாங்கள் இரண்டு பேரும் குளிருக்குள் நின்று உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டோம்.

இரண்டு கிழமையில் குருத்துகள் பச்சையாகின. சிஞ்ஞோரா அக்காவைத் தொத்தோரெஸா, டாக்டரம்மா, என்று கூப்பிடத் தொடங்கினார். வியாழக்கிழமைகளில் அவருடன் சீட்டு விளையாட வருகிற நான்கு கிழவிகளுக்கும் செய்தி போனது. ஒருத்தியின் எலுமிச்சை, ஒருத்தியின் கார்தேனியா, ஒருத்தியின் துளசிமாதிரியான பாசிலிகோ. நான்காமவள் தொலைபேசியில் படத்தைக் காட்டி, இதுவும் ஜெரானியம்தான் என்றாள். அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "ஓம், இதுக்கும் இரும்பு," என்றார்.

எல்லாருடைய செடிக்கும் ஒரே வருத்தம். பாசம். வீட்டில் ஒரு பிள்ளையும் இல்லாததால் காலையும் மாலையும் தண்ணீர், இடையில் பசளை. நிறுத்தச் சொன்னால் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய் மறுபடி ஊற்றுவார்கள். இரண்டு முறை சொல்லிப் பார்த்த அக்கா மூன்றாம் முறை வேறு மாதிரிச் சொன்னார்:

"ஒன்பது நாள் சாந்தா ரோசாலியாவுக்கு நவநாள். தண்ணிப் போத்திலுக்குக் கை போனால், போத்திலைத் தொடாமல் செடிக்கு முன்னாலை நிண்டு செபமாலையிலை பத்து மணி உருட்டிச் செபம். ஒன்பதாம் நாள்வரை ஒரு நாளைக்கு ஒரு கோப்பை, அதுவும் நான் சொல்லுற தண்ணி."

பலெர்மோக்காரிகளுக்குத் தங்கள் நகரைக் காக்கிற புனிதை ரோசாலியா என்றால் வேறு பேச்சு இல்லை. ஐந்து பேரும் ஒன்பது நாள் செடிகளுக்கு முன்னால் நின்று செபம் செய்தார்கள். வேர் மூச்சு விட்டது. பத்தாம் நாளுக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் துளிர்த்தன.

எங்கள் சிஞ்ஞோரா கோவில் பக்கம் போய் முப்பது வருடம். அப்படிப்பட்டவர் மாடியில் செபமாலையோடு நிற்கிறார் என்று யாரோ பங்குத் தந்தைக்குச் சொல்லிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் ஆசீர்வதிக்கவே வந்துவிட்டார். சந்தோசத்தில் முகம் பளபளத்தது. சிஞ்ஞோரா தடுப்பதற்குள் மாடிக்கு ஏறிவிட்டார்.

மூன்று செடிகளும் அவருடைய தோள் உயரத்துக்கு நின்றன.

"இது என்ன செடி?" என்று கேட்டார்.

நான் அக்காவின் முதுகில் கிள்ளினேன். கிள்ளியதோடு நிற்காமல், "தக்காளி எண்டு சொல்லுங்கோ," என்று தமிழில் கெஞ்சினேன்.

"தக்காளி இலை இப்பிடியே இருக்கும்?" என்று என்னைப் பார்த்துச் சீறினார் அக்கா. பிறகு தந்தையிடம் திரும்பினார். "இரும்புக் குறைவு, பாதர். இப்ப சுகம்."

தந்தை ஓர் இலையைப் பார்த்தார். அதன் விரல்களை எண்ணுவதுபோல இருந்தது. வானத்தைப் பார்த்தார். சிஞ்ஞோராவின் கைகளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து தீர்த்தச் செம்பை எடுத்துத் தெளிக்கத் தொடங்கினார்.

"பாதர், பாதர்!" என்று கத்திக்கொண்டு அக்கா குறுக்கே பாய்ந்தார். "அது குழாய்த் தண்ணியோ?"

தந்தை கையைத் தாழ்த்திக்கொண்டார். குழாய்த் தண்ணீர்தான் என்று ஒத்துக்கொண்டார். அக்கா மாடிக்குத் தூக்கி வந்திருந்த ஏசி வாளியைக் காட்டினார். அவர் ஒரு கணம் யோசித்து, அந்த வாளிக்குச் சிலுவை போட்டு, அதிலிருந்து தெளித்துவிட்டு, கோப்பி குடித்துப் போனார். எதையும் கேட்கவில்லை. சிஞ்ஞோரா அன்று சிரித்த சிரிப்பில் உதட்டுச் சாயம் பல்லெல்லாம் பட்டுவிட்டது.

மகள் வந்தது செப்டம்பர் மாதத்தில். சொல்லாமல் வந்தாள். பிறந்தநாளுக்குத் தாயைத் திடுக்கிட வைக்க எண்ணம். திடுக்கிட்டது எல்லோரும். அது சனிக்கிழமை; ஜன்னல் துடைப்பதற்காக அக்காவும் அன்று வந்திருந்தார். மகள் பயணப் பெட்டியை வைத்துவிட்டு, காற்று வாங்க மாடிக்குப் போனாள். பூக்கும் காலம். வாசனையே போதும்.

கீழே வந்தவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மேலே இருப்பது யாருடையது?" என்று கேட்டாள்.

சிஞ்ஞோரா தன் மடியைப் பார்த்தார். எண்பது வயது மனுசி சின்னப் பிள்ளைபோல ஆகிவிட்டார். "எனக்குத் தெரியாது," என்றார். "ஜெரானியம் என்றுதான் சொன்னார்கள். இவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்."

மகள் எங்கள் பக்கம் திரும்பினாள். கையில் தொலைபேசி இருந்தது. "இரண்டு பேரில் யார்?" என்றாள். "இப்போது சொல்லாவிட்டால் பொலிசுக்குச் சொல்லுங்கள்."

அந்த இடத்தில் எனக்கு என்ன நடந்தது என்பதை மறைக்க முடியாது. என் பெர்மெஸோ கண்ணுக்கு முன்னால் வந்தது. அக்காவுக்கு இத்தாலியக் குடியுரிமை அந்த வருடம்தான் கிடைத்திருந்தது. அவரை யாரும் எங்கும் அனுப்ப முடியாது. என் வாய் திறந்தது. அக்காவின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"மேலை வாறது," என்றார் அக்கா, மகளிடம். "பாக்கிறது."

அவருடைய குரலில் என்ன இருந்ததோ, மகள் பின்னால் போனாள். நான் சிஞ்ஞோராவைத் தாங்கிக்கொண்டு படியேறினேன்.

அக்கா நடுச் செடிக்கு முன்னால் குந்தினார். "இஞ்சை," என்று ஒரு காய்ந்த அடி இலையைக் காட்டினார். "யூன் மாதம் சாப்பாடு கூடக் குடுக்கிறது. அன்பு கூடின ஆள். அனுபவம் இல்லாத ஆள்." பிறகு கிளை ஒடித்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். "நான் எண்டால் கத்தரிக்கோலாலை வெட்டுறது. இவள் எண்டாலும் வெட்டுறது. எங்களுக்கு விரல் வேலை செய்யிறது. இது வெட்டு இல்லை. தோல் கிழிஞ்சு, தண்டு நசிஞ்சு. கத்தரிக்கோல் பிடிக்க ஏலாத ஆள். ரெண்டு பெருவிரலாலையும் அமத்தி உடைக்கிறது."

கொம்போடு செடியைக் கட்டியிருந்த நூலைக் கடைசியாகத் தூக்கிக் காட்டினார். நூலின் நுனியில் சிவப்பு. "கையாலை முடிச்சுப் போட ஏலாது. பல்லாலை இழுக்கிறது."

உதட்டுச் சாயம். மகள் அந்த நூலைப் பார்த்தாள்.

"உடைக்கிறது அல்ல," என்று என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. சிஞ்ஞோரா நிமிர்ந்து நின்றார். "எத்தனை முறை சொல்லிக்கொடுத்தேன், தொத்தோரெஸா? தன்மை, ஒருமை, இறந்தகாலம். நான் உடைத்தேன். நான் கட்டினேன். நான் நட்டேன்."

மகள் தாயின் கைகளை எடுத்துப் பார்த்தாள். விரல்களை மெல்ல விரிக்கப் பார்த்தாள். விரியவில்லை. எப்போதிருந்து இப்படி என்று கேட்டாள். அவள் அங்கேயே தரையில் இருந்து, அந்தக் கைகளைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா எழுந்து போய்த் துணிகளை மடிக்கத் தொடங்கினார்.

செடிகள் அன்றைக்கே போக வேண்டும் என்று மகள் உறுதியாக நின்றாள். ஆனால் தாயை மிலானுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. பலெர்மோவிலேயே வாதத்துக்கு ஒரு நல்ல வைத்தியரைப் பிடித்தாள். கொஞ்ச மாதம் கழித்து அதே கஞ்சா மருந்தாக எழுதிக் கொடுக்கப்பட்டு மருந்துக் கடையிலிருந்து வந்தது. வைக்கோல் மாதிரி இருக்கிறது என்று சிஞ்ஞோரா முணுமுணுத்தார். என் வேலையும் போகவில்லை.

அன்று செடிகளைப் பிடுங்கியது அக்காதான். தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதறி, வேரைச் சிஞ்ஞோராவுக்குக் காட்டினார். வெள்ளை வெளேரென்ற வேர். "ஒரு வருத்தமும் இல்லை," என்றார். "நல்ல சுகம்." அதற்குப் பிறகு பிடுங்கியதைத் துண்டு துண்டாக வெட்டிக் கறுப்புப் பைகளில் அமத்தினார்.

நாங்கள் குடியிருந்த ஒரேத்தோப் பகுதிக்குப் போகிற பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அக்காவின் இரண்டு கையிலும் பிசின். எவ்வளவு சவர்க்காரம் போட்டும் போகவில்லை. பேருந்து முழுவதும் மணத்தது. முன்னால் நின்ற இளைஞர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்து அவருக்கு மரியாதையாகத் தலையசைத்தார்கள். அவரும் திருப்பித் தலையசைத்தார்.

பாலம் தாண்டியதும் சொன்னார்:

"நீ என்ரை பேரைச் சொல்லப் போனாய், என்ன?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். "ஓம் அக்கா."

"வாய் திறந்ததைக் கண்டனான்."

"பெர்மெஸோவை நினைச்சுப் பயந்திட்டன் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் என் புதுச் சால்வையை என் தோளிலிருந்து இழுத்து எடுத்தார். தன் பிசின் கைகளை, விரல் விரலாக, நகக்கண்வரை, அதில் ஆறுதலாகத் துடைத்தார். மடித்து என் மடியில் வைத்தார். "இனி உன்னையும் பாப்பினம்," என்றார். தன் தரிப்பிடத்தில் இறங்கிப் போனார். கையசைக்கவில்லை.

அடுத்த நாள் தமிழ்ப் பூசை. நான் வேண்டுமென்றே பின்வரிசையில் நின்றேன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லுகிற நேரம் வந்தது. அக்கா தன் வரிசையை விட்டு எழும்பினார். ஆறு வரிசை தாண்டி, வழியில் நீட்டிய கைகளையெல்லாம் விட்டுவிட்டு, என்னிடம் வந்தார்.

"கிறிஸ்துவின்ரை சமாதானம், பிள்ளை," என்று சிரித்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். ஜன்னல் துடைத்துத் துடைத்து இறுகின கை. நான்கு விரலையும் ஒன்றாகச் சேர்த்து எலும்பு நெரிய நசித்தார். விடாமல் நசித்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

அந்தச் சமாதானம் எனக்குச் செவ்வாய்க்கிழமைவரை வலித்தது.